பறக்கவிட ஒரு கிளப் எதற்கு?

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. இந்தக் காலத்துல நமக்கு கிளப் எதுக்கு?"

எங்கள் ரேடியோ மாதிரி விமான கிளப்பின் சந்தாவை உயர்த்துவதைப் பற்றிப் பேசத்தான் செயற்குழு கூடியது. புல் வெட்டுகிறவர் கூலியை ஏற்றிவிட்டார், கொட்டகைக் கூரையில் தகரம் மாற்ற வேண்டும், வருடக் கடைசியில் நில வாடகை வேறு. செயலாளர் என்ற முறையில் நான் கணக்கைப் படித்து முடித்ததும் ஒரு தம்பி இப்படிக் கேட்டார். வேறு யாராவது கேட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். இவர் பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர், எங்களில் நன்றாகப் பறக்கவிடுகிற நாலைந்து பேரில் ஒருவர், ஓடுபாதையைச் சமப்படுத்தும் நாளில் முதல் ஆளாக வந்து நிற்பவர். அக்கறை இல்லாமல் கேட்கிற ஆள் இல்லை. விமானத்தைக் கையிலிருந்து இயக்கும் ரேடியோ ஆன்லைனில் கிடைக்கிறது. ஃபோம் விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து இறக்கையை மாட்டினால் அரைமணி நேரத்தில் தயார். கற்றுக்கொள்ள யூடியூப் இருக்கிறது. கை தடுமாறினால் நேராக்கிவிட ஸ்டெபிலைசர் இருக்கிறது. அப்புறம் மாதா மாதம் எதற்காகச் சந்தா கட்ட வேண்டும்? அன்றைக்கு யாரும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. பேச்சு கூரைத் தகரத்துக்குத் திரும்பிவிட்டது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி விடவில்லை. பாலத்தில் வண்டி ஓட்டும்போதும், புல் வெட்டுகிறவருக்காகத் திடலில் காத்து நிற்கும்போதும் அதுதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

துணி கிளிப் காலம்

முன்பு இந்தக் கேள்விக்கே இடமில்லை. நான் பழக ஆரம்பித்தபோது என்னுடையது 72 மெகாஹெர்ட்ஸ் செட், சேனல் 17. அந்த வரிசையில் 11 முதல் 60 வரை சேனல்கள். ரேடியோவுக்குள் சேனலை நிர்ணயிக்கும் ஒரு கிரிஸ்டல், விமானத்துக்குள் அதற்கு ஜோடியாக இன்னொன்று. ஒருவர் பறக்கவிட்டுக்கொண்டிருக்கும்போது அதே சேனலில் இன்னொருவர் ரேடியோவைப் போட்டால், மேலே இருக்கிற விமானம் யார் பேச்சையும் கேட்காமல் தலைகுப்புற வரும். அதனால் கொட்டகைத் தூணில் ஒரு பலகை, பலகையில் சேனல் எண் எழுதிய துணி கிளிப்புகள். உங்கள் கிளிப் உங்கள் கையில் வராமல் ரேடியோவின் சுவிட்சைத் தொடக் கூடாது. அது இன்னொருவர் சட்டையில் இருந்தால் அவர் இறக்கும்வரை பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். பாதிப் பாடம் அந்தப் பெஞ்சில்தான் நடந்தது. எரிபொருளில் ஓடும் சின்ன க்ளோ என்ஜினின் எரிபொருள் ஊசியை எவ்வளவு திறப்பது, எரிபொருளில் கலந்த விளக்கெண்ணெய் ஏன் சைலன்சர் ஓரத்தில் பழுப்பாகப் படிகிறது, இறக்கைக்கு வாங்கும் லேசான பால்சா மரத்தில் ரேகை எந்தப் பக்கம் ஓட வேண்டும், எடை மையம் இறக்கை அகலத்தில் முன்னாலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் ஏன் நிற்க வேண்டும், எல்லாம் காத்திருந்தவர்கள் காத்திருந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுதான்.

2006 வாக்கில் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் பரவலாக வரத் தொடங்கின. விமானத்துக்குள் இருக்கும் ரிசீவர் தன் ரேடியோவை மட்டும் அடையாளம் வைத்துக்கொள்ளும், பக்கத்தில் பத்து ரேடியோ இருந்தாலும் சட்டை செய்யாது. நல்ல மாற்றம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சேனல் மோதி விழுந்த விமானத்தைப் பை நிறையப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் யாரும் பழைய செட்டுக்காக ஏங்க மாட்டார்கள். ஆனால் அடுத்தவரைக் கேட்காமல் பறக்கவிட முடியாது என்ற கட்டாயமும் அந்தப் பலகையோடு போய்விட்டது. இப்போது ஒருவர் காரை நிறுத்தி, பேட்டரியைச் சொருகி, பறக்கவிட்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போகலாம். சிலர் போகிறார்கள். தம்பியின் கேள்வி அங்கேதான் பிறந்தது என்று நினைக்கிறேன்.

நிலமும் சட்டமும்

முதலில் எனக்குத் தோன்றிய பதில் இதுதான். பினாங்கில் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கு வரைபடம் மனப்பாடம். தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், அது போக மிச்சம் மலையும் மாடிவீடும். பெருநிலப் பக்கம் வந்தால் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். 2016ஆம் ஆண்டு சிவில் விமானப் போக்குவரத்து விதிமுறைகளில் ஆளில்லா விமானங்களுக்கென்று ஒரு பகுதி இருக்கிறது: அனுமதி இல்லாமல் தரையிலிருந்து 400 அடிக்கு மேல் போகக் கூடாது, விமான நிலையப் போக்குவரத்து வளையத்துக்குள் பறக்கக் கூடாது, 20 கிலோவுக்கு மேல் என்றால் தனி அனுமதி. பலர் இதை ட்ரோனுக்கான சட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வானத்தில் ஆளில்லாமல் போகிறதா, அப்படியென்றால் நாம் பழகுகிற பால்சா டிரெய்னர் விமானமும் அதில் அடக்கம். இந்தக் கடிதப் போக்குவரத்தை எல்லாம் தனி ஆள் செய்ய முடியாது, செய்யவும் மாட்டார்கள்.

நிலம் இன்னும் கஷ்டம். முன்பு பெருநிலத்தில் பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம் பறக்கவிட்டுக்கொண்டிருந்தோம். 2014இல் 24 கிலோமீட்டர் இரண்டாம் பாலம் திறந்தது, அப்புறம் செம்பனை நின்ற இடத்தில் தொழிற்பேட்டையும் வணிக வளாகமும் அடுக்ககமும் எழும்பின. அதைக் குறை சொல்ல மாட்டேன், எங்களில் பலருக்கு அங்கேதான் வேலை. நாங்கள் தெற்கே நிபோங் திபால் பக்கம் ஒதுங்கினோம். எங்கள் முன்னோர் கரும்புக்காகக் கொண்டுவரப்பட்ட மண், பிறகு ரப்பர், இப்போது செம்பனை. மூன்று பக்கம் மரம், ஒரு பக்கம் கால்வாய். செம்பனையில் விழுந்த விமானத்தை எடுப்பது சாதாரண வேலை இல்லை. மட்டை முழுக்க முள். குலை அறுக்கிற அண்ணன் ஒருவர் தன் நீளக் கம்பு அரிவாளின் முதுகால் இறக்கையில் கீறல் விழாமல் நெம்பி இறக்கிக் கொடுப்பார். காசு வாங்க மாட்டார், "நல்லா ஓட்டுங்க பாஸ்" என்று மட்டும் சொல்வார்.

சரி, இதெல்லாம் தம்பியிடம் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டார். "அப்படின்னா கிளப்புங்கிறது ஒரு கேட்டு, ஒரு புல் மிஷின், ஒரு பெர்மிட்டு. அவ்வளவுதானேண்ணே?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாய் வந்தது, ஏன் இல்லை என்று சொல்லத் தெரியவில்லை.

வயரும் ஸ்டெபிலைசரும்

ஸ்டெபிலைசரை நான் மறுக்கிற ஆள் இல்லை. ரிசீவருக்குள்ளேயே சாய்வை உணரும் ஜைரோ, காற்று இறக்கையைத் தூக்கினால் நாம் பார்ப்பதற்கு முன் அது இறக்கையின் பின்னோரத்தில் அசையும் ஏலரானை அசைத்துச் சரிசெய்துவிடும். மத்தியானம் கடல்காற்று திரும்பும்போது அது இருந்தால் புதியவர்களுக்குப் பெரிய துணை. ஆனால் அதற்கு இறக்கை சமமாக இருக்கிறதா என்பது மட்டும்தான் தெரியும். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், ஓடுபாதை எங்கே, காற்று விமானத்தை எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகிறது என்பது தெரியாது. அதை நம்பி நிற்கிற புதியவர் ரேடியோவின் குச்சியை விட்டுவிடுவார்; விமானம் அழகாக, ஆடாமல் அசையாமல், செம்பனைக்கு மேல் போய்ப் புள்ளியாகிவிடும். புள்ளியான பிறகு அது வருகிறதா போகிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

புதியவரை உடைப்பது அந்த வருகிறதா போகிறதா தான். விமானம் நம்மைவிட்டுப் போகும்போது அதன் வலதும் நம் வலதும் ஒன்று. திரும்பி நம்மை நோக்கி வரும்போது மாறிவிடும். கை ஒரு பக்கம் தள்ளும், விமானம் இன்னொரு பக்கம் சாயும், பயத்தில் மூக்கைத் தூக்கும் எலிவேட்டரை இழுப்பார்கள், வேகம் செத்து அப்படியே விழும். இதற்குப் பழைய ஆட்கள் சொல்லித்தரும் வழி ஒன்று உண்டு: எதிரே வரும்போது இடம் வலம் யோசிக்காதே, எந்த இறக்கை தாழ்ந்து தெரிகிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. வீடியோவிலும் இதைச் சொல்கிறார்கள். ஆனால் தலைக்கு மேல் விமானம் சாயும்போது பக்கத்திலிருந்து ஒருவர் "தாழ்ந்த பக்கம், தாழ்ந்த பக்கம்" என்று அமைதியாகச் சொல்லிக்கொண்டிருந்தால்தான் அது கைக்கு இறங்குகிறது.

எங்கள் கிளப்பில் இன்னும் டிரெய்னர் வயர் வைத்திருக்கிறோம். இரண்டு ரேடியோவை ஒரு கேபிளால் இணைத்து, ஒன்றைப் பழகுகிறவரும் மற்றதைச் சொல்லித்தருகிறவரும் பிடித்துக்கொள்வார்கள். இப்போது வயர் இல்லாமலும் இணைக்கலாம், நாங்கள் பழகிப்போனதால் வயரை விடவில்லை. அதில் இருக்கிற சுவிட்ச் ஸ்பிரிங் வைத்தது. சொல்லித்தருகிறவர் அதை இழுத்துப் பிடித்திருக்கும்வரைதான் விமானம் பழகுகிறவர் கையில். விரலை விட்டால் அந்த நொடியே இவரிடம் வந்துவிடும். முன்பு ஒரு பள்ளிப் பையன் இறக்கிக்கொண்டிருந்தபோது அவன் பக்கத்தில் நின்ற எங்கள் கிளப்புப் பெரியவர் ஐயாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விமானம் தாழ்ந்து, ஓடுபாதையின் ஓரத்துக்கு விலகி, மூக்கைத் தூக்கியது. நானாக இருந்தால் விட்டிருப்பேன். அவர் நகம் வெளுக்கும் அளவுக்குப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் திராட்டில் கொடு, கொஞ்சம்… போதும்" என்றார். பையன் இறக்கினான். புல்லுக்குள் தான், ஆனால் அவனே இறக்கினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

ஐயா என்று நாங்கள் கூப்பிடும் பெரியவர் பட்டர்வொர்த் தளத்தில் விமானப் பராமரிப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 1988இல் ஆஸ்திரேலியர்கள் அந்தத் தளத்தை நம்மிடம் ஒப்படைத்ததை அங்கே நின்று பார்த்தவர். அதிகம் பேச மாட்டார். அவர் பறக்கவிடுவதே குறைவு, மற்றவர்கள் விமானத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று விருந்தாளியாக ஒருவர் வந்திருந்தார். முப்பது வயதிருக்கும், மனைவியும் இரண்டு குழந்தைகளும் கூட. பிள்ளைகள் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு கொட்டகையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டார்கள். விமானம் இரண்டு கிலோ இருக்கும், தாழ்ந்த இறக்கை, நாலு செல் லிப்போ பேட்டரி, பார்க்கவே வேகம் தெரிந்தது. அவர் கற்றுக்குட்டி இல்லை. ரேடியோவைப் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. ஏலரான், எலிவேட்டர், வாலில் இடம் வலம் திருப்பும் ரட்டர் எல்லாம் குச்சியை அசைத்து ஒருமுறைக்கு இரண்டு முறை சரிபார்த்தார். வலது தள்ளினால் வலது ஏலரான் மேலே. சரி. நான் தலையாட்டிவிட்டு ஓடுபாதையில் யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கத் திரும்பினேன்.

ஐயா எழுந்து வந்தார். "தம்பி, ஜைரோ இருக்கா?"

"இருக்கு அங்கிள். டேக் ஆஃப்ல போட்டுத்தான் விடுவேன்."

"திராட்டில் லாக் பண்ணிட்டு ஜைரோவைப் போடுங்க."

மோட்டார் சுற்றாதபடி பூட்டிவிட்டு ஜைரோவைப் போட்டார். ஐயா விமானத்தை அடியில் கை கொடுத்துத் தூக்கி, வலது இறக்கையைத் தரைப் பக்கம் சட்டென்று சாய்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. விமானத்தை அப்படியே உரிமையாளர் கையில் கொடுத்து, "நீங்க ஒருக்கா செஞ்சு பாருங்க" என்றார். அவர் சாய்த்தார். பார்வை வாலில் இருந்தது. மறுபடி சாய்த்தார். மூன்றாவது தடவைதான் வலது ஏலரானைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

இறக்கை தாழ்ந்தால் அதைத் தூக்குவதற்கு அந்தப் பக்கத்து ஏலரான் கீழே இறங்க வேண்டும். இது மேலே ஏறியது. மூக்கைத் தூக்கினால் எலிவேட்டரும் அப்படியே, இன்னும் தூக்கிற பக்கம் அசைந்தது. முந்தின இரவு எடை மையம் சரியாக வரவில்லை என்று பேட்டரியை நகர்த்தியிருக்கிறார். இடம் போதாமல் ரிசீவரைப் பெயர்த்து, வயர் எட்டுவதற்காக முன்பின்னாகத் திருப்பி ஒட்டியிருக்கிறார். குச்சிக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை, அது சொன்னபடி கேட்டது. ஆனால் ஜைரோவுக்கு விமானத்தின் முன்பக்கம் எது என்பதே மாறிப்போய்விட்டது. ஓடுபாதையை விட்டு எழும்பி ஒரு சின்னக் காற்று இறக்கையைத் தட்டியிருந்தால் ஜைரோ அதைச் சரிசெய்வதற்குப் பதிலாகச் சாய்த்துக்கொண்டே போயிருக்கும், ஒரு நொடியில் கவிழ்த்திருக்கும், சுவிட்சைத் தேடுவதற்கு நேரம் இருந்திருக்காது. அன்று காற்று கால்வாய்ப் பக்கமிருந்து கொட்டகையை நோக்கி அடித்துக்கொண்டிருந்தது.

அவர் குழந்தைகள் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். பேட்டரியைக் கழற்றினார். நிறைய நேரம் எதுவும் பேசவில்லை. ஐயா டப்பாவிலிருந்து இரட்டைப்பக்க டேப்பை எடுத்துக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து ரிசீவரைத் திருப்பி ஒட்டும்வரை கூடவே இருந்தார். அப்புறம் மறுபடி சாய்த்துப் பார்த்தார்கள், இந்தத் தடவை அவர் சாய்க்க, ஐயா பார்க்க. அதன் பிறகு அது மிக நன்றாகப் பறந்தது.

மத்தியானம் பொருட்களை ஏற்றும்போது ஐயாவிடம் கேட்டேன், குச்சியெல்லாம் சரியாக இருந்ததே, எப்படிச் சந்தேகம் வந்தது என்று. சந்தேகமே வரவில்லை என்றார். தளத்தில் ஒரு விமானத்தின் கண்ட்ரோல் கேபிளிலோ கம்பியிலோ கை வைத்துவிட்டால், வேலை செய்தவர் சரிபார்த்து முடித்ததும் அந்த வேலையைச் செய்யாத இன்னொருவர் வந்து தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அதுதான் முறை. "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உட்கார்ந்து ஒட்டினவன் கண்ணுக்கு அது சரியாத்தான் தெரியும். அவன் மேல குத்தமில்ல" என்றார்.

தம்பியோடு இன்னொரு தடவை

கேள்வி கேட்ட தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் அன்று வேலையில் இருந்தார். உடனே ஒத்துக்கொண்டுவிடுவார் என்று நினைத்தேன், இல்லை. "அதுக்கு ஒரு செக்லிஸ்ட் போதுமேண்ணே. ஜைரோ திசைன்னு ஒரு வரி சேர்த்தா முடிஞ்சுது." தொழிற்சாலை ஆள், செக்லிஸ்ட்டின் அருமை தெரிந்தவர். அவர் சொல்வதும் சரிதான். அந்த வாரமே ஒரு பலகையில் எழுதிக் கொட்டகையில் மாட்டினோம், பழைய கிளிப் பலகை இருந்த அதே தூணில்.

ஆனால் நான் இதை அவரிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்: அந்த விருந்தாளி சரிபார்த்தவர்தான். செக்லிஸ்ட் வைத்துப் பார்த்திருந்தாலும் "ஜைரோ திசை" என்ற வரிக்கு நேரே டிக் போட்டிருப்பார், ஏனென்றால் கையில் கொடுத்த பிறகும் இரண்டு தடவை அவர் கண் வாலைத்தான் பார்த்தது. தன் கையால் ஒட்டியதை மனிதன் பார்க்கும்போது அங்கே என்ன இருக்க வேண்டுமோ அதுதான் தெரிகிறது. அதற்கு வேறொரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு எதைப் பார்ப்பது என்று தெரிந்திருக்க வேண்டும், அவர் கேட்டால் நமக்குக் கோபம் வராத அளவுக்குப் பழக்கமும் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவர் பொதுத் திடலில் வந்து உங்கள் விமானத்தைத் தூக்கிச் சாய்த்தால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? கிளப்பில் அதை யாரும் அவமானமாக எடுப்பதில்லை. சந்தாவில் நாங்கள் வாங்குவது அதைத்தான் என்று எனக்கு இப்போது பிடிபட்டிருக்கிறது. புல்லும் தகரமும் வேண்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அவை அதற்காக.

தம்பி இதற்கும் ஒரு கேள்வி வைத்திருந்தார், அது நல்ல கேள்வி: "ஐயா வராத அன்னிக்கு?"

அதுதான் என்னை இப்போது பயமுறுத்துகிறது. பால்சாவும் க்ளோ என்ஜினும் தெரிந்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. விமானத்தைத் தானே கட்டியவனுக்கு உள்ளே எந்தக் கம்பி எங்கே போகிறது என்று தெரியும். பெட்டியிலிருந்து எடுத்தவனுக்கு அதைத் திறந்து பார்க்கும் தேவையே வருவதில்லை. ஐயாவிடம் போய், இளையவர்கள் ரெண்டு மூன்று பேருக்குச் சோதனை செய்யப் பழக்கிக் கொடுங்கள், சான்றிதழ் மாதிரி ஏதாவது அச்சடித்துக் கொடுக்கலாம் என்றோம். காகிதம் எதற்கு என்று கேட்டுவிட்டு, அவரே ஒரு வழி வைத்திருந்தார்.

இப்போது சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்கு முன், கிளப்பின் பழைய டிரெய்னரைக் கொட்டகை மேசையில் வைக்கிறார். யாரும் வருவதற்கு முன்னால் அவர் அதில் எதையோ கெடுத்து வைத்திருப்பார். ஒரு நாள் ஏலரானை அசைக்கும் சர்வோ மோட்டார் திசை மாறியிருக்கும். ஒரு நாள் எலிவேட்டர் கம்பியின் கொக்கி பாதி மாட்டியிருக்கும், கையால் அசைத்தால் சரியாக இருக்கும், இழுத்தால் கழன்றுவிடும். ஒரு நாள் ப்ரொப்பெல்லர் முன்பின்னாக. பழகுகிறவர்கள் ஒருவர் ஒருவராக வந்து பார்த்து, கண்டதை ஐயா காதில் மட்டும் சொல்ல வேண்டும். பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் முன்பு வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவர்களும் இப்போது வரிசையில் நிற்கிறார்கள். அவர்களிடம் சொந்த விமானம் கிடையாது, இதற்கு அது தேவையும் இல்லை. போன வாரம் ரட்டர் கீல் பிரிந்திருந்ததை எல்லோரும் கண்டுபிடித்தார்கள், இன்ஜினியர் தம்பியும் கூட. பேட்டரியைக் கட்டும் வெல்க்ரோ பட்டை அறுந்துபோகும் நிலையில் இருந்ததை அந்தப் பிள்ளைகளில் இளையவள் ஒருத்திதான் சொன்னாள்.